வாக்குண்டு, மன்றமில்லை

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலமே. ஆயின் வாக்காளனின் உரிமையை அளவுகோலாகக் கொள்ளின் அவ்விடைவெளி பெரிதாகிவிடுகின்றது. அக்கரை மீனவன் இந்தியப் பாராளுமன்றத்துக்கும் தமிழகச் சட்டமன்றத்துக்கும் தனித்தனியே வாக்களிக்கின்றான். இக்கரை மீனவன் மாகாணத் தேர்தலிலே இறுதியாக வாக்களித்தது 2013 செப்ரெம்பர் 21ஆம் நாளாகும். அன்று பதினேழு வயதினனாக இருந்தவன் முப்பதை நெருங்கிவிட்டான். மாகாண வாக்குச்சீட்டை அவன் கண்டதேயில்லை.

1987இல் பதின்மூன்றாவது திருத்தம் மாகாணசபைகளைப் படைத்தது. 1988இல் இணைந்த வடகிழக்குக்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது வடக்கிலே போட்டியின்றியே உறுப்பினர் தெரிவாயினர். எனவே, மன்னார் மக்கள் உண்மையில் வாக்களித்துத் தம் மாகாண உறுப்பினரைத் தெரிந்தது 2013இல் மட்டுமே. அச்சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் மக்கள் தெரிவு செய்யாத ஆளுநரும் அதிகாரிகளுமே மாகாணத்தை நடத்தினர்.

தேர்தல் ஏன் நடைபெறவில்லை? 2017இல் தேர்தல் முறை மாற்றப்பட்டது. புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வகுக்கப்பட வேண்டியிருந்தது. எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகத்தில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்கேனும் விழவில்லை. அதனை முன்வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய சட்டம் போயிற்று. புதிய சட்டம் செயற்படவில்லை. தேர்தலை வெளிப்படையாக ஒழித்திருந்தால் எதிர்ப்புக் கிளம்பியிருக்கும். சட்டச் சிக்கலுக்குள் புதைத்தமையால் எவரும் பொறுப்பேற்க வேண்டியிருக்கவில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழ்ப் பிரதிநிதிகளும் எதிர்த்து நிற்கவில்லை என்பதை மறைப்பது நேர்மையாகாது.

"அதிகாரமற்ற சபை இருந்தென்ன, இறந்தென்ன?" என்று வினவுவோர் உளர். 2013இல் 38 ஆசனங்களில் 30ஐப் பெற்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அச்சபையை உட்பூசலிலே பெரிதும் வீணாக்கியது என்பதும் உண்மையே. ஆனால் ஏர் பழுதென்றால் ஏரைத் திருத்துவதா, வயலைக் கைவிடுவதா? வலுவற்ற சபைக்கு வலுக்கேட்டுப் போராடலாம். இல்லாத சபைக்கு எதனைக் கேட்பது?

"பாராளுமன்றம் போதாதா?" என்பது மற்றொரு வாதம். வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களை மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் பகிர்கின்றன. மன்னாருக்கென ஓர் ஆசனமேனும் உறுதியில்லை. மாகாணசபையிலோ மன்னாருக்குத் தனியே ஐந்து ஆசனங்கள். 2013இல் அவற்றில் மூன்று கூட்டமைப்புக்கும், ஒன்று ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணிக்கும், ஒன்று முஸ்லிம் காங்கிரசுக்கும் கிடைத்தன. 1990இல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் மீள்குடியேற்றம் போன்ற சிக்கல்களைத் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மேசையிலிருந்து பேசத்தக்க மன்றம் அது. அம்மேசையே அகற்றப்பட்டுவிட்டது.

இதன் விலை யாது? மன்னார்த் தீவின் தென்கரையிலே 30 காற்றாலைகளைக் கொண்ட 'தம்பபவனி' நிலையம் 2020இல் தொடக்கி வைக்கப்பட்டது. மேலும் காற்றாலைகள் வேண்டாமென 2025இல் மக்கள் வீதியில் இறங்கினர். காற்றாலை நன்றா தீதா என்பது வேறு விவாதம். அவ்விவாதம் நடைபெற வேண்டிய மாகாண மன்றம் இல்லாமையாலேயே வீதி மன்றமாயிற்று. 2025 மே மாதத்தில் தெரிவான நகரசபையும் பிரதேச சபைகளும் குப்பையகற்றவும் ஒழுங்கைகளைச் செப்பனிடவும் உரியவை. மாகாணத்தின் குரலாக அவை அமைய மாட்டா.

இந்தியாவிலும் மாநில ஆட்சிகள் கலைக்கப்பட்டதுண்டு. 1976 சனவரியில் கலைக்கப்பட்ட தமிழக ஆட்சிக்கு 1977 யூனில் தேர்தல் வந்தது. அங்கு குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு மூன்றாண்டு என்ற உச்ச எல்லையை அரசியலமைப்பே விதிக்கின்றது. இங்கோ ஆளுநர் ஆட்சி ஏழாண்டைத் தாண்டிற்று.

பரிகாரம் அரிதன்று. பழைய விகிதாசார முறையிலேயே ஒருமுறை தேர்தலை நடத்தப் பாராளுமன்றம் ஒரு திருத்தம் இயற்றினால் போதும். 2024இல் வன்னியில் ஆளுங்கட்சி இரு ஆசனங்களைப் பெற்றது. அவ்விருவரும் எதிர்த்தரப்பு நால்வரும் இக்கோரிக்கையில் ஒன்றுபடுதல் வேண்டும். ஒன்றுபட மறுப்போர் அடுத்த முறை வாக்குக் கேட்டு மன்னாருக்கு வரும்போது, மக்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவே: எங்கள் மற்ற வாக்கு எங்கே?