தேரிக்காட்டுக்கு சைக்கிள் பயணமா? முதலில் தண்ணீர்க் கணக்கு!

விடுமுறை நெருங்கினால் கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களின் கால் சும்மா இருக்காது. கடலூர்க்காரர்கள் பிச்சாவரம் வரை மிதித்துப் பார்த்தாயிற்று. சிதம்பரத்துப் பிள்ளைகள் சில்வர் பீச்சில் கால் நனைத்துவிட்டுத் திரும்பியாயிற்று. ‘அடுத்து எங்கே?’ என்பவர்களுக்கு இந்த வாரம் ஓர் இடம் சொல்கிறேன்: தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு.

திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழி, தேரிக்குடியிருப்பு பக்கம் போனால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை செக்கச்செவேலென்று மணல் மேடுகள். குதிரைமொழித் தேரி என்பது இதுதான். மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சாகப் படிந்திருப்பதால் இந்தச் சிவப்பு. ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று இந்த மணலைக் கிளப்பி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். பனை, முந்திரி, உடைமரம் தவிர நிழல் குறைவு. நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார், கற்குவேல் அய்யனார் கோயில்கள் உண்டு.

மழைக்கணக்கில் பார்த்தால் இது முழுப் பாலைவனம் இல்லை. ஆனால் சைக்கிள் சக்கரத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

முதலில் ஒரு கணக்கு. கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். பழகியவர்கள் தார்ச்சாலையில் மூன்று மணி நேரத்தில் வந்துவிடுவார்கள். அதே நினைப்பில் தேரியில் 45 கிலோமீட்டருக்குத் திட்டம் போட்டால் ஆபத்து. பொலபொலவென்ற மணலில் பாதி நேரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடப்பீர்கள். மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் போனாலே பெரிது. ஆகவே முதல் பயணத்துக்குப் போக வர 12 கிலோமீட்டர் போதும். காலை ஆறு மணிக்கு இறங்கி, பத்து மணிக்குள் தார்ச்சாலைக்கு வந்துவிட வேண்டும்.

தேரியில் தூரத்தைத் தண்ணீரால்தான் அளக்க வேண்டும். வெயிலில் மிதிக்கும் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை தேவைப்படும். நான்கு மணி நேரத்துக்கு மூன்று லிட்டர், அவசரத்துக்கு ஒரு லிட்டர் என்று ஆளுக்கு நான்கு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அதை மூன்று பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு பஞ்சர் ஆனால், வழி தவறினால். குழுவில் யாராவது ஒருவருக்கு முதல் பங்கு தீர்ந்துவிட்டாலும், எல்லோரும் திரும்பிவிட வேண்டும். ‘இன்னும் அந்த ஒரு மேடு மட்டும்’ என்ற பேச்சே கூடாது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே வொயிட் ரிம் ரோடு என்று 160 கிலோமீட்டர் பாலைவனப் பாதை. மலைச் சைக்கிள்காரர்கள் மூன்று நான்கு நாளில் சுற்றி வருவார்கள். வழியில் குடிநீர் கிடையாது; முன்அனுமதி இல்லாமல் போகவும் முடியாது. உலகம் முழுவதிலிருந்தும் வருகிற அனுபவசாலிகளே தண்ணீரை எண்ணித்தான் கிளம்புகிறார்கள்.

போவதற்கு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மழை நனைத்த மணல் கொஞ்சம் இறுகியிருக்கும், சக்கரம் புதையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். காற்று கண்ணில் மணலை அள்ளிப் போடும், வந்த தடத்தையும் மூடிவிடும். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் திருச்செந்தூரில் தங்க அறை கிடைப்பது கஷ்டம். அதையும் பார்த்துத் தேதி குறியுங்கள்.

ஒத்திகை நம்மூரிலேயே பார்க்கலாம். கடலூர் கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் ஏற்றங்களில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மிதியுங்கள். பிறகு சில்வர் பீச்சிலோ சாமியார்பேட்டையிலோ காய்ந்த மணலில் ஒரே ஒரு கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். மூச்சு எப்படி வாங்குகிறது, எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் யார் கடைசியாக வருகிறாரோ, அவருடைய வேகம்தான் பயணத்தின் வேகம். வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவ மறக்காதீர்கள், உப்பு தின்றுவிடும்.

தேரிக்கு அகலமான டயர் அவசியம். மணலில் இறங்கும் முன் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். வழக்கமாக 30 பி.எஸ்.ஐ. வைப்பவர் 20 வரை இறக்கலாம். டயர் பரந்து, மணல்மேல் மிதந்து போகும். தார்ச்சாலை ஏறியதும் மறுபடி அடித்துக்கொள்ள கைப்பம்பு வேண்டும். உடைமுள் சும்மா விடாது. ஆளுக்கு இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான் கட்டாயம். செயினில் எண்ணெயை வழிய வழிய விடாதீர்கள், மணல் அப்பிக்கொள்ளும். சாப்பிட வாழைப்பழம், கடலைமிட்டாய், கூடவே உடன்குடிக் கருப்பட்டி.

சென்னையிலிருந்து திருச்செந்தூர் போகும் செந்தூர் எக்ஸ்பிரஸ் கடலூர், சிதம்பரம் வழியாகவே போகிறது. இரவில் தூங்கி எழுந்தால் காலையில் திருச்செந்தூர். சைக்கிளைப் பெட்டிக்குள் ஏற்ற முடியாது. பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து, லக்கேஜ் வேனில் அனுப்ப வேண்டும். ரயில் ஓரிரு நிமிடமே நிற்கும் நிலையங்களில் ஏற்ற மறுக்கலாம். அதனால் ஒரு வாரம் முன்பே நேரில் போய் விசாரியுங்கள். சாக்கு சுற்றி, பெயரும் இறங்கும் ஊரும் எழுதிக் கட்டுங்கள். விளக்கு, பாட்டில், பம்பு உங்கள் பையில் இருக்கட்டும்.

தேரியில் வனத்துறை நிலமும் உண்டு. தனியார் தோட்டமும் உண்டு. திருச்செந்தூர் வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, அனுமதித்த பாதையில் மட்டும் போங்கள். மணலைப் பிடித்து நிறுத்தத்தான் அங்கே மரம் வளர்க்கிறார்கள். தானே புயலில் 2011-ல் முந்திரித் தோப்புகளை இழந்த கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு, ஒரு மரம் வளர எத்தனை வருஷம் ஆகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கன்றுகள்மேல் சக்கரம் ஏறக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கேட்டதும் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்தப் பாதை, கூட வருபவர்களின் போன் எண்கள், ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை மணிக்குள் போன் வரும். குறைந்தது நான்கு பேர் சேர்ந்து போகட்டும். அந்த ஊர்க்காரர் ஒருவர் துணைக்கு இருந்தால் இன்னும் நல்லது. சிக்னல் போய்விட்டாலும் பார்க்கிற மாதிரி வரைபடத்தை போனில் இறக்கி வைத்திருக்கட்டும்.

ஒன்றை மட்டும் எல்லோரும் மனப்பாடம் செய்யுங்கள். வெயிலில் ஒருவருக்குப் பேச்சு குளறினாலோ, நடை தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்ப வாதம். உயிருக்கே ஆபத்து. உடனே நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் நனைக்கக் கையில் தண்ணீர் இருக்க வேண்டும். மூன்றாவது பங்கைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்வது அதற்கும்தான்.