இரண்டு சின்ன வார்த்தைகள்

தீர்ப்பில் லத்தீன் சொல் ஒன்று வந்தால் ஜனங்கள் வக்கீலைக் கேட்கிறார்கள். தமக்கு அது தெரியாதென்பது அவர்களுக்குத் தெரிகிறது. ஆபத்து வருவது, பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த இங்கிலீஷ் வார்த்தைகள் இரண்டு சேர்ந்து வரும்போதுதான்.

‘செட் அஸைட்’ என்பதை நோக்குக. வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தொகையை ‘செட் அஸைட்’ செய்தால், அது பத்திரமாக ஒதுக்கி வைக்கப்பட்டதென்று பொருள். கோர்ட்டுத் தீர்ப்பைக் குறித்து அதே சொல் வந்தாலோ, அத்தீர்ப்பு ரத்தாயிற்று. தியாகராய நகரில் ஒருவர் கீழ்க் கோர்ட்டில் ஜயித்த வீட்டு வழக்கு ஹைகோர்ட்டில் ‘செட் அஸைட்’ ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். விஷயம் ஒத்திவைக்கப்பட்டதென எண்ணி அவர் வாளாவிருந்தால், சுப்ரீம் கோர்ட்டில் விசேஷ அனுமதி மனுச் செய்வதற்குரிய 90 நாள் கழிந்துவிடும். பிறகு தாமதத்தை மன்னிக்கும்படி காரணம் காட்டி மன்றாட வேண்டும். ‘அர்த்தம் விளங்கவில்லை’ என்பதை எந்தக் கோர்ட்டு காரணமாக ஏற்கும்?

‘ஸ்ட்ரைக் டவுன்’ என்றால் சட்டமோ உத்தரவோ செல்லாதென அடியோடு நீக்கப்படுவது. 1950-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி ஜீ.ஓ.வுக்குச் சென்னை ஹைகோர்ட்டில் நேர்ந்த கதி இதுவே. மயிலாப்பூர்வாசியான அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயர் அதில் வாதாடினார். 1951-ல் சுப்ரீம் கோர்ட்டும் அம்முடிவை உறுதி செய்தது. அவ்வாண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. ‘ரீட் டவுன்’ என்பது வேறு. சட்டம் உயிரோடிருக்கும், அதன் வீச்சு மட்டும் சுருங்கும். ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டெழுதும் பத்திரிகைகள் உண்டு. நாமும் அத்தவறு செய்யாதவர்களல்ல.

இங்கிலீஷை நன்றாகக் கற்கவேண்டும் என்பாரோடு நமக்குச் சண்டையில்லை. மயிலாப்பூர் வக்கீல்கள் அதைக் கற்றே கீர்த்தி பெற்றனர். ஆனால் தன் சொத்து இருக்கிறதா போயிற்றா என்றறிய, அடையாற்றுக் கடைக்காரர் ஒருவர் அந்நிய பாஷையின் மரபுத் தொடர்களில் தேர்ச்சி பெறவேண்டுமென்பது என்ன நியாயம்? ஹைகோர்ட் நடவடிக்கைகளில் ஜனாதிபதியின் சம்மதத்தோடு ராஜ்ய பாஷையை அனுமதிக்க அரசியலமைப்பின் 348-ஆம் ஷரத்து இடங்கொடுக்கிறது. 2006-ல் நமது சட்டசபை தமிழுக்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2012-ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளின் முழுக் கூட்டம் அதனை ‘டர்ன் டவுன்’ செய்தது. ‘கீழே திருப்பியது’ என்று இதற்குப் பொருள் கொள்வோர் பாக்கியசாலிகள். நிராகரித்தது என்பதே பொருள்.

தீர்ப்புகள் சிலவற்றின் தமிழாக்கம் இப்போது வெளியாகிறது. அது போதாது. ரத்தா, உறுதியா, மறுவிசாரணையா, மேலே செல்ல எத்தனை நாள் என்பதை நான்கு வரித் தமிழில் எழுதி, தீர்ப்பு நகலோடு ஒவ்வொரு கட்சிக்காரர் கையிலும் கொடுக்க ஹைகோர்ட் ஏற்பாடு செய்யட்டும். தீர்ப்பு இங்கிலீஷிலேயே இருக்க, கூடவே தரும் இந்தக் குறிப்புக்கு ஜனாதிபதியின் சம்மதம் தேவையில்லை.