அணைந்து கிடக்கும் ஒரு ஸ்விட்ச்



உங்கள் வீட்டுக் கணினிக்குள் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. அதற்கான விலையைக் கணினி வாங்கிய அன்றே கொடுத்துவிட்டீர்கள். தனியாக எதுவும் வாங்க வேண்டாம், வருடச் சந்தாவும் கிடையாது. ஆனாலும் பல வீடுகளில் அது அணைந்தே கிடக்கிறது. 'கம்ப்யூட்டர் சமாசாரமா, பையன் பார்த்துக்கொள்வான்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது வீட்டுச் சமாசாரம்.

யோசித்துப் பாருங்கள், அந்தக் கணினி இப்போது யாருடையது? 2020 ஊரடங்கில் பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியிருப்போம். இன்றைக்கு அதில்தான் அப்பா பென்ஷன் வந்துவிட்டதா என்று பார்க்கிறார். அம்மா கரண்ட் பில் கட்டுகிறார். மயிலாப்பூரில் வீட்டிலேயே பாட்டு சொல்லிக்கொடுக்கும் மாமி, கடல் கடந்த மாணவிகளுக்கு அதில்தான் வகுப்பு எடுக்கிறார். தி.நகரில் வாசல் அறையையே ஆபீஸாக்கிக்கொண்ட ஆடிட்டர், ஊரார் பான் எண்ணையும் வங்கிக் கணக்கு விவரங்களையும் அதில்தான் வைத்திருக்கிறார். அடையாறில் தனியாக இருக்கும் பெரியவர்கள், அமெரிக்காவில் இருக்கும் பேரனை அதில்தான் பார்க்கிறார்கள். இத்தனையும் ஒரே பெட்டியில் இருக்கும்போது, அந்தப் பெட்டியோடு சேர்ந்தே வந்த காவலைப் பயன்படுத்தாமல் விடலாமா?

அது என்ன காவல் என்று சொல்கிறேன்.

கணினியின் மெமரியில் இரண்டு விதமான சரக்கு இருக்கும். ஒன்று, 'இதைச் செய், அதைச் செய்' என்கிற கட்டளைகள். இன்னொன்று வெறும் தரவு. நீங்கள் திறந்த புகைப்படம், வந்த மின்னஞ்சல், பாதி அடித்த கடிதம் எல்லாம் இதில் அடக்கம். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு எத்தனை பேர் வந்தாலும் வரவேற்கிறோம். ஆனால் வந்தவர்களில் ஒருவர் விறுவிறுவென்று சமையல்கட்டுக்குள் போய், கொதிக்கிற அண்டாவில் தன் பையில் இருப்பதைக் கொட்டினால்? கணினிக்குள் காலங்காலமாக நடக்கும் திருட்டு இதுதான். தரவு என்ற பெயரில் உள்ளே வருவது, மென்பொருளில் உள்ள ஓட்டையால் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிகிறது. பிறகு கட்டளையாக மாறி ஓட ஆரம்பித்துவிடுகிறது. 1988 நவம்பரில் அன்றைய இணையத்தைத் திணறடித்த மோரிஸ் புழு கையாண்ட வழிகளில் ஒன்றும் இதுவே.

இதைத் தடுக்க 2003, 2004 வாக்கில் ஏஎம்டி, இன்டெல் இரண்டு நிறுவனங்களும் பிராசஸருக்குள்ளேயே ஒரு தடை வைத்தன. மெமரியின் ஒரு பகுதியை, 'இங்கே தரவு மட்டும்தான், எதுவும் ஓடக் கூடாது' என்று முத்திரை குத்திவிடலாம். மீறி ஏதாவது ஓடப் பார்த்தால் பிராசஸரே தடுத்துவிடும். 2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 இந்தத் தடையைப் பயன்படுத்தத் தொடங்கியது. 'டேட்டா எக்ஸிக்யூஷன் பிரிவென்ஷன்' என்று அதற்குப் பெயர். சுருக்கமாக, டெப்.

அந்த முத்திரை ஒரே ஓர் இடத்தில் விட்டுப்போனால் என்ன ஆகும்? அதையும் நாம் பக்கத்திலேயே பார்த்தாயிற்று. 2017 மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, ஒரகடத்தில் இருக்கும் ரெனோ-நிசான் கார்த் தொழிற்சாலையும் மாட்டிக்கொண்டது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் சிலவும் தப்பவில்லை. அன்று அதிகம் அடிபட்டது விண்டோஸ் 7. அதன் மையப் பகுதியில், 'ஓடக் கூடாது' என்ற முத்திரை இல்லாத ஒரு துண்டு மெமரி இருந்தது. வெளியிலிருந்து தரவாக வந்த சரக்கு அங்கே போய் உட்கார்ந்து, அங்கிருந்தே ஓட ஆரம்பித்தது. விண்டோஸ் 10-இல் அந்தத் துண்டுக்கும் முத்திரை விழுந்திருந்தது. இதில் எனக்கு அதிகம் வருத்தம் தருவது வேறொன்று. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் கையில் இருந்தது.

விண்டோஸ் 10-இல் 2018 ஏப்ரல் அப்டேட்டோடு இன்னொரு படி வந்தது. 'மெமரி இன்டெக்ரிட்டி' என்று பெயர். பிரிண்டர், ஸ்கேனர் போன்ற சாதனங்களை இயக்குவதற்காக விண்டோஸின் மையப் பகுதிக்குள் நுழையும் 'டிரைவர்' மென்பொருள்களை, பிராசஸரின் உதவியோடு தனியே பிரித்து வைத்த மெமரியில் இருந்தபடி இது சரிபார்க்கிறது. விண்டோஸையே ஒருவன் ஏமாற்றிவிட்டாலும், இந்தச் சோதனையில் கை வைப்பது அவனுக்கு மிகவும் கஷ்டம். விண்டோஸ் 11-ஓடு புதிதாக வாங்கிய கணினிகளில் பெரும்பாலும் இது இயங்கிக்கொண்டிருக்கும். பழைய கணினியைப் பத்திலிருந்து பதினொன்றுக்கு மாற்றியிருந்தால் அணைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பார்ப்பது சுலபம். ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறங்கள். அதில் 'டிவைஸ் செக்யூரிட்டி', அதற்குள் 'கோர் ஐசொலேஷன் டீடெயில்ஸ்'. அங்கே 'மெமரி இன்டெக்ரிட்டி' என்று ஒரு ஸ்விட்ச் தெரியும். அதை ஆன் செய்து, கணினியை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. ஒரு காபி ஆறுவதற்குள் ஆகிவிடுகிற வேலை.

எல்லா வீட்டிலும் இப்படி ஒரே தட்டில் முடிந்துவிடாது, அதையும் சொல்லிவிட வேண்டும். சில கணினிகளில் ஸ்விட்சைத் தொட்டதும், ஒத்துவராத டிரைவர்கள் என்று ஒரு பட்டியல் வரும். வாயில் நுழையாத பெயராக, கடைசியில் 'எஸ்ஒய்எஸ்' என்று முடியும். பயப்படாதீர்கள். அந்தப் பெயரைத் தட்டினால், எந்த நிறுவனத்துடையது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். எங்கள் ஆபீஸில் ஒரு கணினியில் வழிமறித்து நின்றது, என்றைக்கோ கழித்துக்கட்டிய ஒரு ஸ்கேனரின் டிரைவர். ஸ்கேனர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது, டிரைவர் மட்டும் உள்ளேயே குடியிருந்தது. அதை அகற்றியதும் ஸ்விட்ச் ஆன் ஆகிவிட்டது. உங்கள் வீட்டில் அது பழைய பிரிண்டராக இருக்கலாம், ஒரு காலத்தில் இணையத்துக்குச் செருகிய டாங்கிளாக இருக்கலாம். இப்போதும் பயன்படுத்தும் சாதனமென்றால், தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் புது டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் சில கணினிகளில், விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் 'பயாஸ்' அமைப்புக்குள் போய் 'வெர்ச்சுவலைசேஷன்' என்பதை ஆன் செய்ய வேண்டியிருக்கும். முன்பு சொன்ன பிராசஸர் தடைக்கு அங்கே 'எக்ஸிக்யூட் டிஸேபிள்' அல்லது 'என்எக்ஸ்' என்று ஒரு வரி தெரிந்தால் அதுவும் ஆனில் இருக்கட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை. பயாஸில் கை வைக்கும் முன், உங்கள் கணினியில், வட்டில் உள்ளதைப் பூட்டி வைக்கும் 'பிட்லாக்கர்' அல்லது 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' இயங்குகிறதா என்று பார்த்து, அதன் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை கணினி திறக்கும்போது அதைக் கேட்கக்கூடும். அது இல்லாமல் தவிக்கக் கூடாது. முக்கியமான படங்களையும் கோப்புகளையும் ஒரு காப்பி எடுத்து வைத்துவிடுவது எப்போதுமே நல்லது.

தயக்கமாக இருந்தால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்து வாங்கியவர்கள், அடுத்த தடவை சர்வீஸுக்கு வருகிறவரிடம், 'மெமரி இன்டெக்ரிட்டி ஆனில் இருக்கிறதா, பாருங்க தம்பி' என்று கேட்டுவிடுங்கள். ஃபார்மட் செய்து கொடுக்கும்போது இதையும் பார்த்துக் கொடுப்பது அவருக்குப் பெரிய வேலையில்லை.

வேகம் குறையுமா? கொஞ்சம் குறையலாம். ஏழாம் தலைமுறை இன்டெல், ஜென் 2 ஏஎம்டி இவற்றிலிருந்து இந்த வேலைக்கென்றே பிராசஸரில் வசதி இருப்பதால் அன்றாடப் பயன்பாட்டில் பெரிதாகத் தெரியாது. அதற்கு முந்தையவற்றில் தெரியலாம். கேம் ஆடுகிற பிள்ளைகள் இதை அணைத்துவிடுவதற்குக் காரணம் இதுதான். வேகம் வேண்டுமென்றால் அணைத்துக்கொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்டே கேம் ஆடுபவர்களுக்குச் சொல்லியிருக்கிறது, ஆட்டம் முடிந்ததும் திரும்ப ஆன் செய்யச் சொல்லி. அந்தத் 'திரும்ப' எத்தனை வீட்டில் நடக்கிறது? வங்கிக் கணக்கைத் திறக்கிற கணினியில் விளையாட்டுக்காக அதை அணைக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பிள்ளைகளைத் திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து காரணத்தைச் சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்கள். ஆனால் ஏதாவது ஒரு கிராக் மென்பொருள், 'என்னை நிறுவ வேண்டுமானால் பாதுகாப்பை அணை' என்று கேட்டால், அங்கே யோசிக்கவே வேண்டாம். அது உள்ளே வரக் கூடாது.

டெப் பற்றியும் ஒரு வார்த்தை. 64-பிட் மென்பொருள்களுக்கு அது எப்போதும் ஆன்தான். பழைய 32-பிட் மென்பொருள்களுக்குத்தான் நாம் பார்த்துச் செய்ய வேண்டும். விண்டோஸ் கீயோடு 'ஆர்' அழுத்தி, 'sysdm.cpl' என்று அடியுங்கள். 'அட்வான்ஸ்ட்', அதில் பெர்ஃபார்மன்ஸுக்கான 'செட்டிங்ஸ்', அதில் டெப்புக்கென்று தனி டேப். இரண்டு வட்டங்கள் இருக்கும். மேலே இருப்பது விண்டோஸின் அவசியமான பகுதிகளுக்கு மட்டும் காவல். கீழே இருப்பது எல்லா மென்பொருளுக்கும். கீழே இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பிறகு, பல வருடம் முன்பு சிடியில் வாங்கிய ஜாதகம் கணிக்கும் மென்பொருளோ, யூனிகோடுக்கு முந்தைய தமிழ் டைப்பிங் மென்பொருளோ திறந்த வேகத்தில் மூடிக்கொண்டால், அது ஒன்றுக்கு மட்டும் அதே இடத்தில் விலக்கு கொடுத்துவிடலாம். தாத்தாவின் ஜாதகக் கட்டமும் கெடாது, வீட்டின் காவலும் குறையாது.

நமக்குப் பெருமையான சேதி ஒன்றையும் இங்கே சொல்ல ஆசை. அடையாற்றிலிருந்து கிண்டி போகும் சர்தார் படேல் சாலையில் ஐஐடி வாசலைத் தினமும் கடக்கிறோம். அங்கே பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவானது 'சக்தி' பிராசஸர். 2018-இல் அதன் சிப் லினக்ஸை இயக்கிக் காட்டியது. மெமரி மீறலை பிராசஸருக்குள்ளேயே பிடித்து நிறுத்தும் வடிவமைப்பிலும் அந்தக் குழுவினர் உழைத்து, 2019-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இவ்வளவு பேர் மெனக்கெடும் ஒரு விஷயம், நம் வீட்டு மேசையில் ஒரு ஸ்விட்சாகக் காத்திருக்கிறது.

இதை ஆன் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. போனில் மிரட்டி ஓடிபி வாங்குகிறவனையும், 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோவில் போலீஸ் வேஷம் போடுகிறவனையும் எந்த பிராசஸரும் தடுக்காது. அப்படி யாராவது பணத்தைப் பறித்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதற்கான வழக்கமான இலவச அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. பதினொன்றுக்கு மாற முடிகிற கணினி என்றால் மாறிவிடுங்கள்.

பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு வரும் மகனோ மகளோ, ஊர் திரும்பும் முன் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கையாலேயே அந்த ஸ்விட்சைப் போடச் சொல்லுங்கள். எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

உங்கள் கணினியில் எந்தப் பழைய சாதனம் வழிமறித்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். நாலைந்து வீடுகளில் ஒரே பிரிண்டர் தகராறு செய்கிறதென்றால், அதற்கான தீர்வை விவரம் தெரிந்தவரிடம் கேட்டு இந்த இதழிலேயே போட்டுவிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்