‘மாத்திப் பார்ப்பம்’ என்றொரு வைத்தியம்

“சேர், கொயிலை ஒருக்கா மாத்திப் பார்ப்பம்.”

பெரியநீலாவணையிலிருந்து அக்கரைப்பற்று வரையிலான எமது கரையோரத்தில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வைத்திருக்கும் எவரும் இந்த வாக்கியத்தை ஒரு தடவையேனும் கேட்டிருப்பர். இதிலுள்ள ‘பார்ப்பம்’ என்ற சொல்லைச் சற்றே ஊன்றிக் கவனியுங்கள். பார்ப்பவர் மெக்கானிக், பணம் செலுத்துபவர் நாம். அவரது ஊகம் பொய்த்துப் போனால் பொய்த்த ஊகத்தின் விலையையும் நாமே கட்டுகிறோம். பழைய கொயில் கராஜின் மூலைக்குப் போய்விடும், புதியது வண்டியில் ஏறிவிடும், நோய் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்குப் பெயர் திருத்தமன்று. வாடிக்கையாளனின் செலவில் நடத்தப்படும் சூதாட்டம்.

கடுமையாகச் சொல்வதாக நினைக்கிறீர்களா? என் கதையைக் கேளுங்கள்.

என்னிடம் இருப்பது ஹொண்டா சீ.டி. 125. செய்தி தேடி ஊரூராக அலைந்த காலத்திலிருந்து என்னோடு இருக்கிறது. சென்ற ஆண்டு அதற்கு ஒரு விசித்திரமான வியாதி பிடித்தது. மூன்று நாட்கள் குறையின்றி ஓடும். நான்காம் நாள், முன்னறிவிப்பு எதுவுமின்றி, சாவியைத் திருகி அணைத்தாற்போல் நின்றுவிடும். ஐந்து நிமிடம் வீதியோரத்தில் நின்று, இரண்டு தடவை உதைத்தால் ஒன்றுமே நடவாததுபோல மீண்டும் புறப்படும். ஒருநாள் இஷாத் தொழுகைக்குப் பின்னர் நிந்தவூரைத் தாண்டி வயல்வெளிக்குள் வந்துகொண்டிருந்தபோது இது நிகழ்ந்தது. எஞ்சின் நின்றது, விளக்குகளும் அணைந்தன. பின்னால் வந்த லொறிச் சாரதி என்னைக் கண்டது கடைசி நொடியில். நான் வீதியை விட்டு இறங்கிய வேகத்தை எண்ணினால் இன்றும் முழங்கால் வலிக்கிறது.

மூன்று கராஜ்களுக்குப் போனேன். முதலாமவர் பிளக்கை மாற்றினார். இரண்டாமவர் கொயிலை மாற்றினார். மூன்றாமவர் பெட்டரியில் கைவைத்தார். ஒவ்வொரு தடவையும் வண்டி சில நாட்கள் ஒழுங்காக ஓடியது. ஒவ்வொரு தடவையும் “சரியாப் போயிற்று” என்று நம்பினேன். இடைவிட்டு வரும் கோளாற்றின் கொடுமையே இதுதான். அது தானாகவே மறைந்து, கடைசியாகத் தொட்டவருக்குப் பாராட்டை வாங்கிக் கொடுத்துவிடும். அமெரிக்கரான ரொபர்ட் பேர்சிக், சென் தத்துவத்தையும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் இணைத்து 1974 இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், மனிதனின் ஊக்கத்தை உறிஞ்சிவிடும் பொறிகளுள் ஒன்றாக இத்தகைய கோளாற்றைக் குறிப்பிடுகிறார். கோளாறு எப்போது வருகிறது, மேடு பள்ளத்திலா, திருப்பத்திலா, வெயிலிலா என்று கவனித்துக் குறித்துக்கொள்வதே அவர் சொல்லும் வழி.

என் வண்டியைத் தொட்ட மூவரும் நல்ல மனிதர்கள், கைத்திறனில் குறைந்தவர்களல்லர். ஆயினும் மூவரில் ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி ஒன்றுண்டு: “வண்டி நின்ற நேரம் நியூட்ரல் விளக்கு எரிந்ததா? ஹோன் அடித்ததா?”

அந்த ஒரு கேள்வியில் பாதி நோய் பிடிபட்டுவிடும். வண்டி நின்றவுடன், வேறெதையும் தொடுவதற்கு முன்னர், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து அந்தச் சிறிய பச்சை விளக்கைப் பார்க்க வேண்டும்; ஹோனை அழுத்த வேண்டும். இரண்டும் உயிரோடிருந்தால் பெட்டரியும் பியூஸும் சாவி ஆளியும் தப்பித்தன. குற்றவாளி தீப்பொறியின் பக்கம் இருக்கிறான். அப்போது கொயிலைச் சந்தேகிப்பது நியாயமே. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில், சூடேறியதும் உள்சுற்று விட்டுப்போய், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும் கொயில்கள் உண்மையிலேயே உண்டு. ஆனால் விளக்கும் ஹோனும் சேர்ந்தே செத்திருந்தால், கொயில் நிரபராதி. மின்சாரம் கொயிலுக்கும் வரவில்லை, விளக்குக்கும் வரவில்லை. இரண்டுக்கும் பொதுவான பாதையில்தான் எங்கோ அறுந்திருக்கிறது. (முன்விளக்கை மட்டும் சாட்சிக்கு அழைக்காதீர்கள். பல பழைய வண்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் அது எரியும்.) என் வண்டியில் அந்தப் பச்சை விளக்கு முதல் நாளிலிருந்தே எரியவில்லை. ஆக, கொயிலுக்கு நான் கொடுத்த பணம் தர்க்கத்தின்படியே வீண் பணம்.

இறுதியில் நோயைக் கண்டவர் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கே அல்லர். ஒரு காலத்தில் வானொலிப் பெட்டிகள் திருத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், என் கதை முழுவதையும் தேநீர் ஆறும்வரை கேட்டார். பின்னர் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை மெல்ல மெல்ல இடப்புறம் திருப்பினார். கடைசி முனையை எட்டியதும் வண்டி நின்றது. வலப்புறம் திருப்பினார், பச்சை விளக்கு எரிந்தது. ஹேண்டிலின் கழுத்தோரமாகச் செல்லும் வயர்க் கட்டைப் பிரித்தபோது, சாவி ஆளியிலிருந்து வரும் கறுப்பு வயரின் மேலுறை முழுசாகவே இருந்தது. உறையைக் கீறியபின்தான் உள்ளே பார்த்தோம்: செம்பு இழைகள் முறிந்து, எஞ்சியவை பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தன. அரை முழ வயரும் சிறிது ஈயமும் போதுமாயிருந்தன.

இதைவிட எனக்கு வியப்பளித்தது வேறொன்று. பெட்டரியை மாற்றியவர் தம்மிடம் மல்டிமீட்டர் வைத்திருந்தார். அதே வயரை அவரும் சோதித்திருந்தார். ‘பீப்’ என்று சத்தம் வந்ததும் “வயர் நல்லம்” என்று தீர்ப்பளித்துவிட்டார். அந்தச் சத்தம் ஒரு பொய்ச்சாட்சி. இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து, தலைமயிர்போல ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் என்றே கத்தும். ஏனெனில் அது அனுப்பும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. வயரைச் சுமை ஏற்றித்தான் சோதிக்க வேண்டும். ஆளியைப் போட்டு, மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது, மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் நேர்முனையிலும் மற்றதைக் கொயிலுக்கு மின்சாரம் வந்துசேரும் வயரிலும் வைத்தால், வழியில் எத்தனை வோல்ட் களவு போகிறது என்று அது எண்ணிச் சொல்லும். அரை வோல்ட்டைத் தாண்டினால் திருடன் இடைவழியில் இருக்கிறான். அவ்வாறே பெட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால், துருவேறிய புவித்தொடுப்பைச் சுரண்டித் துப்புரவாக்குங்கள். ஹொண்டாவில் பச்சை வயர்தான் அது. சோதிக்கும்போதே ஹேண்டிலைத் திருப்புங்கள், வயர்க் கட்டை அசையுங்கள். எண் துள்ளினால் இடம் அகப்பட்டது.

இது மந்திரமன்று. க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தோற்றும் நம் பிள்ளைகள் மனனம் செய்யும் ஓமின் விதிதான். 12 வோல்ட்டில் எரியும் 35 வாட் முன்விளக்கொன்றின் பாதையில் களிம்பேறிய இணைப்பொன்று அரை ஓம் தடையை மட்டும் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்குக்குப் போய்ச்சேருவது 11 வோல்ட்டிலும் குறைவு. இழை விளக்கின் ஒளி அழுத்தத்தைவிட மிக வேகமாக விழுவதால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். “பழைய வண்டி, லைட் அப்படித்தான்” என்று சொல்லிக்கொண்டு, மாவடிப்பள்ளி வீதியில் மாரி இரவில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தபடி ஓட்டிச் செல்கிறோமே, அந்த வெளிச்சத்தைத் தின்றது வயதன்று, அரை ஓம்.

எமது கரையில் இது இன்னும் கூடுதலாக ஏன் நடக்கிறது? கடல் அருகில் இருக்கிறது. உப்புக்காற்றின் ஈரம் வயரின் வெட்டுமுனைக்குள் புகுந்து, இழைகளுக்கிடையே ஊறி ஏறி, உறைக்குள் இருந்தபடியே செம்பை அரிக்கிறது. போதாக்குறைக்கு நாமும் உதவி செய்கிறோம். வாரமொருமுறை ‘பொடி வோஷ்’ என்று கொண்டுபோய், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இணைப்புகளுக்குள் ஏற்றிவிடுகிறோம். அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றும் வழக்கம் வேறு. உப்புக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது.

“ஒரு பழைய பைக்குக்கு இவ்வளவு ஆரவாரமா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு பெரிய உதாரணம். 2014 இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 26 இலட்சம் கார்களைத் திருப்பி அழைத்தது. குற்றம் சாவி ஆளியில். அதனுள் இருந்த சுருள்வில் வலுவற்றது. பள்ளத்தில் குலுங்கினாலோ முழங்கால் பட்டாலோ சாவி தானாகத் திரும்பி, ஓடும் காரின் எஞ்சின் நின்று, உயிர்காக்கும் காற்றுப்பைகளும் செயலிழந்தன. நிறுவனம் அமைத்த நட்டஈட்டு நிதியமே ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. பல வருடங்களாக இது பிடிபடாமைக்கு ஒரு காரணத்தைப் பாருங்கள். 2006 அளவில் ஆளியின் வடிவத்தைச் சத்தமின்றித் திருத்தியவர்கள், பாகத்தின் இலக்கத்தை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே பெயரில் உலவின. ஜோர்ஜியா மாநிலத்தில் மகளை இழந்த குடும்பமொன்றின் சட்டத்தரணி அமர்த்திய பொறியியலாளர், விபத்துக்குள்ளான காரின் ஆளியையும் புதிதாக வாங்கிய ஆளியையும் பக்கம்பக்கமாக வைத்து அளந்தபோதே உண்மை வெளிப்பட்டது. அவர் பழைய ஆளியைக் குப்பையில் வீசவில்லை. எங்கள் கராஜ்களில் பழைய பாகம் என்னவாகிறது என்பதை நீங்களே அறிவீர்கள்.

இனி மெக்கானிக்கின் பக்க நியாயம். என் வண்டியைத் தொட்ட மூவரில் ஒருவரிடம் பின்னர் இதையெல்லாம் சொன்னேன். அவர் சினக்கவில்லை. “சேர், ரெண்டு மணித்தியாலம் வயரைத் தேடிட்டு, வயர்க்காசு நூறு ரூபா எண்டா தருவீங்க. தேடின கூலி ஆயிரம் எண்டா தருவீங்களா?” என்று கேட்டார். எனக்கு வாயடைத்துவிட்டது. ஏனெனில் அந்த முதியவருக்கு நான் கொடுத்தது வயருக்கும் ஈயத்துக்குமான காசு மட்டுமே. அவர் கேட்டதும் அவ்வளவுதான். ஆனால் கொயிலுக்கு மறுபேச்சின்றி நோட்டுகளை எண்ணிக் கொடுத்த அதே கை, நோயைக் கண்டுபிடித்த அறிவுக்கு எதையும் நீட்டவில்லை.

ஆகவே இந்தக் குற்றப்பத்திரிகையில் முதல் எதிரி நாமே. பெட்டியில் வருகிற பொருளுக்குத்தான் விலை கொடுப்போம் என்று அடம்பிடிக்கிறோம். வைத்தியருக்குக் கட்டணம் கொடுக்கத் தெரிந்த நமக்கு, வயரைத் தேடுகிறவனின் நேரம் இலவசமாகப் படுகிறது. வேறு வழியின்றி அவன் தன் கூலியைக் கொயிலுக்குள் ஒளித்து வைக்கிறான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் பாய்ந்த காலத்தில், இந்த ஒளிவுமறைவின் சுமை யார் தலையில் விழுந்தது? மீன் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு விடியலில் புறப்படுகிறவனின் தலையில். மருதமுனையிலிருந்து சாறன் கட்டுகளை ஏற்றி ஊரூராக விற்பவனின் தலையில். பழைய வண்டியை விட்டால் வேறு வண்டி அவர்களுக்கு இல்லை. நல்ல ஜப்பானியக் கொயிலைக் கழற்றி எறிந்துவிட்டு, முகவரியற்ற பெட்டியில் வந்த மலிவுக் கொயிலைப் பூட்டிக்கொண்டு, ஒரு நோய்க்கு இரண்டாக வீடு திரும்பியவர்கள் அவர்களுள் எத்தனை பேரோ.

நான் கேட்பது அதிகமில்லை. கராஜுக்குப் போகும்போது, “தேடுவதற்குக் கூலி எவ்வளவு?” என்று முதலில் கேளுங்கள், அதைக் கொடுங்கள். பின்பு உரிமையோடு மீட்டரின் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். எண்ணைக் காட்டாமல் பாகத்தை மாற்றுபவர், நோய் தீராவிட்டால் அந்தப் பாகத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளட்டும். கழற்றிய பழையது உங்கள் கையில் வந்து சேரட்டும்.

“பழைய வண்டிகளின் காலம் முடிகிறது, 2025 பெப்ரவரியிலிருந்து புதியவை வரத் தொடங்கிவிட்டன” என்கிறார் நண்பர் ஒருவர். வரட்டும். அவற்றில் எரிபொருளைப் பீய்ச்சுவதற்கும் கணினிப் பெட்டியொன்று இருக்கிறது, உணரிகள் இருக்கின்றன, வயர்களும் இணைப்புகளும் முன்னையதைவிடப் பன்மடங்கு. கடலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நாலைந்து வருடங்களில் அவையும் இடைவழியில் நின்று நின்று புறப்படும்போது, “சேர், கம்பியூட்டரை ஒருக்கா மாத்திப் பார்ப்பம்” என்பார்கள். அதன் விலையை இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.