ஆசிரியர் இடமாற்றங்களில் கவனிக்கப்படாத பக்கம்

ஆண்டு முடிவை நெருங்கும் காலங்களில் வடக்கின் கல்வி வலயங்களில் வழமையாக எழும் பிரச்சினை ஆசிரியர் இடமாற்றமாகும். பட்டியல் வெளியாகும், மேன்முறையீடுகள் குவியும், மாகாணக் கல்வித் திணைக்களத்தின் முன்பாகவும் ஆளுநர் செயலகத்தின் முன்பாகவும் ஆசிரியர்கள் பதாகைகளுடன் திரள்வர். அதே வாரத்தில் வன்னியின் ஏதோவொரு கிராமத்தில், தமது பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்க ஆசிரியர் இல்லையென்று பெற்றோர் பாடசாலை வாயிற்கதவைப் பூட்டிப் போராட்டம் நடத்துவர். செய்தித்தாள்களின் ஒரே பக்கத்தில் இவ்விரு செய்திகளும் அருகருகே இடம்பெறுவதை வாசகர்கள் பல ஆண்டுகளாகக் கண்டு வருகின்றனர். ஒருசாரார் நியாயமென்றும் மறுசாரார் அநியாயமென்றும் தீர்ப்புக் கூறிவிடுவது சுலபம். ஆயினும் இவ்விரு தரப்பினரின் குறைகளுக்கும் ஊற்றுக்கண் ஒன்றே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கஷ்டப் பிரதேசங்களிலும் அதிகஷ்டப் பிரதேசங்களிலும் ஒவ்வோர் ஆசிரியரும் குறித்த காலம் சேவையாற்ற வேண்டும் என்ற கொள்கையில் எமக்கு மாற்றுக் கருத்துக் கிடையாது. 1945ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் நடைமுறையிலுள்ள இலவசக் கல்வி, நகரத்துப் பிள்ளைக்கு ஒன்றும் கிராமத்துப் பிள்ளைக்கு வேறொன்றுமாக வகுக்கப்பட்டதல்ல. கல்வி அமைச்சு 2007ஆம் ஆண்டு தேசிய ஆசிரியர் இடமாற்றக் கொள்கையைச் சுற்றறிக்கை வாயிலாக வெளியிட்டதன் நோக்கமும் அதுவே. போர் முடிவுற்ற 2009ஆம் ஆண்டின் பின்னர் வன்னியிலே மக்கள் மீளக்குடியமர்ந்தனர்; பாடசாலைகளும் மீண்டும் திறக்கப்பட்டன. ஆனால் ஆசிரியர்களிற் பெரும்பாலோரின் வீடு வாசல்கள் யாழ்ப்பாணத்திலும் வவுனியா நகரை அண்டியுமே இருந்தன. துணுக்காய், மடு, வவுனியா வடக்கு, தீவகம் முதலான வலயங்கள் வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர்களை நம்பியே இயங்க வேண்டியதாயிற்று. ஆகவே இடமாற்றம் தவிர்க்க முடியாததுதான். எமது கேள்வி வேறு. இடமாற்றக் கடிதத்தை ஒப்படைத்தவுடன் தமது கடமை முடிந்துவிட்டதென்று கல்வி நிர்வாகம் கருதுவது சரிதானா?

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாண நகரை அண்டி வசிக்கும் ஓர் ஆசிரியை, வயது முப்பத்தெட்டு, கணவரும் அரசாங்க உத்தியோகத்தர், மூத்த பிள்ளை ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றது, இளைய பிள்ளை முன்பள்ளியில், வீட்டிலே நோயாளியான மாமியார். இவருக்கு மல்லாவிப் பக்கத்திலுள்ள ஓர் இரண்டாம் வகைப் பாடசாலைக்கு இடமாற்றம் கிடைக்கின்றது. ஏ-9 வீதியால் மாங்குளம் சென்று அங்கிருந்து மேற்கே திரும்ப வேண்டும்; ஒரு வழிக்குச் சுமார் நூறு கிலோமீற்றர். காலை ஏழரை மணிக்குப் பாடசாலை ஆரம்பமாகுமெனின் இவர் நான்கு மணிக்கு முன்னரே வீட்டை விட்டுப் புறப்பட்டாக வேண்டும். வரவுப் பதிவேட்டிற் சிவப்புக் கோடு விழுந்த பின்னர் வந்து சேர்ந்தாற் பஸ் பிந்தியதென்ற காரணம் எடுபடாது. இப்போது பல இடங்களிற் கைவிரல் அடையாள இயந்திரம் வைத்திருக்கின்றார்கள். அதனிடம் காரணம் சொல்லவும் வழியில்லை.

இத்தகைய ஆசிரியைக்கு முன்னால் மூன்று தெரிவுகளே உள்ளன. நாள்தோறும் இருநூறு கிலோமீற்றர் பயணம் செய்யலாம்; பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் பாடசாலைக்கருகில் தங்கலாம்; பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவ்வூருக்கே குடிபெயரலாம். மூன்றாவதைத் தெரிவு செய்வோர் மிகச் சிலரே. புலமைப்பரிசில் ஆண்டிற் பிள்ளையைப் பாடசாலை மாற்ற எந்தத் தாய் துணிவார்? கணவரின் கந்தோர் எங்கே, மாமியாருக்கு மருந்தெடுக்கும் கிளினிக் எங்கே? இரண்டாவதைத் தெரிவு செய்பவர் திங்கட்கிழமை முதற்பாடத்துக்குப் பிந்தியும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்துக்கு முந்தியும் செல்லும் நிலைக்கு மெல்ல மெல்லத் தள்ளப்படுகின்றார். முதலாவதைத் தெரிவு செய்பவர் வகுப்பறைக்குள் நுழையும்போதே களைத்திருக்கின்றார். எதைத் தெரிவு செய்தாலும் நட்டம் அந்தக் கிராமத்துப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

இந்நாட்டு அரச பாடசாலை ஆசிரியர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். இது யாவரும் அறிந்த விடயம். எனினும் இடமாற்றத்துக்கான புள்ளிகளைக் கணக்கிடும்போது சேவைக் காலமும் தூரமும் கணக்கில் வருமளவுக்கு வீட்டின் நிலைமை வருவதில்லை. அரசாங்கம் ஆசிரியைக்கு 84 நாட்கள் முழுச் சம்பளத்துடன் பிரசவ விடுமுறை வழங்குகின்றது, வரவேற்கத்தக்கதே. அந்த விடுமுறை முடிந்து, கைக்குழந்தையுடன் அவர் முன்பின் அறியாத ஊருக்குச் செல்ல நேர்ந்தாற் குழந்தையை எங்கே விடுவது என்ற வினாவுக்குத் தாபனக் கோவையில் விடை கிடையாது. ஆண் ஆசிரியர்களுக்கும் குடும்பக் கவலைகள் இல்லாமலில்லை. ஆனால் எமது சமூக வழமையில் ஆண் இடம் மாறினால் வீடு நின்றுபோவதில்லை. பெண் இடம் மாறினால் அடுப்படி முதற்கொண்டு எல்லாமே நின்றுபோகின்றன. அது மாற வேண்டிய வழமையே. மாறும்வரை நிர்வாகம் கண்ணை மூடிக்கொண்டிருக்கலாமா?

வீட்டுக் கவலை ஒருபுறமிருக்க, புதிய பாடசாலையிலே அவருக்கு என்ன காத்திருக்கின்றது? இதைப்பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. ஆரம்ப வகுப்புக்களில் ஒரே வகுப்பாசிரியரின் அரவணைப்பிலே வளர்ந்த பிள்ளை, ஆறாந் தரத்துக்கு வந்தவுடன் பாடத்துக்கொரு ஆசிரியர் என்ற புதிய ஒழுங்குக்குள் நுழைகின்றது. தமிழ், கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், இரண்டாம் மொழி, வரலாறு, புவியியல் எனப் பாடங்கள் ஒரேயடியாகப் பெருகுகின்றன. ஆறு முதல் ஒன்பது வரையான கனிஷ்ட இடைநிலை வகுப்புக்களிற் பின்தங்கும் பிள்ளையை க.பொ.த. சாதாரண தர வகுப்பிலே நிமிர்த்தி எடுப்பது எவ்வளவு கடினமென்பது அனுபவமுள்ள எந்த ஆசிரியருக்கும் தெரியும். ஆனால் ஆளணி பற்றாத சிறிய பாடசாலைகளில் இவ்வகுப்புக்களே புதிதாக வருபவரின் தலையிற் சுமத்தப்படுகின்றன. நல்ல பெறுபேறு காட்ட வேண்டிய பத்தாம் பதினோராந் தரங்களைப் பழைய ஆசிரியர்கள் வைத்துக்கொள்வர். வரலாற்றுக்கு நியமனம் பெற்ற ஆசிரியை, தனது பாடத்தோடு புவியியலையும் சுகாதாரக் கல்வியையும் ஏற்க வேண்டும். எவரேனும் விடுமுறையிற் சென்றால் அந்த வகுப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் பிள்ளைகளின் பெயர்களே அவருக்கு இன்னும் மனப்பாடமாகியிராது. எந்தப் பிள்ளை காலையிற் சாப்பிடாமல் வருகின்றது, எந்தப் பிள்ளையின் தகப்பன் போரிற் காணாமற் போனவர், எவர் வீட்டில் மின்சாரம் இல்லை என்பனவெல்லாம் அவ்வூரிலே மாலை நேரத்தில் நான்கு பேருடன் பழகினாலன்றித் தெரிய வாராதவை. ஒன்றரை மணிக்கு மணி அடித்தவுடன் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியவர் அவற்றை எப்போது அறிவது?

முன்னைய தலைமுறையில் கிராமத்துக்கு மாற்றலாகி வந்த வாத்தியார் பாடசாலை வளவிலுள்ள விடுதியிலேயே குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஊர்மக்கள் விறகும் காய்கறியும் கொண்டுவந்து கொடுத்ததைப் பெரியவர்கள் இன்றும் நினைவு கூருவர். அக்காலத்தை அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. அன்று பாடசாலைகளும் குறைவு, ஆசிரியர்களின் எதிர்பார்ப்புக்களும் குறைவு. ஆயினும் தங்குமிடம் என்ற ஒன்று இருந்தது. இன்று வன்னியிலும் தீவகத்திலும் பல பாடசாலைகளுக்கு ஆசிரியர் விடுதி இல்லை. இருக்கும் இடங்களிலும் ஓர் அறையில் நால்வர், கதவுக்குத் தாழ்ப்பாளில்லை, கிணற்று நீர் உவர் என்பன போன்ற முறைப்பாடுகளே கேட்கின்றன. பெண்கள் தனியே தங்குமிடத்திலே பாதுகாப்பு என்பது சலுகையன்று.

தீவகத்தின் நிலையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். நெடுந்தீவில் கற்பிக்கும் ஆசிரியர் குறிகட்டுவான் இறங்குதுறைவரை பஸ்ஸிற் சென்று, அங்கிருந்து சுமார் ஒரு மணிநேரம் படகிற் பயணிக்க வேண்டும். காற்றுக் காலத்திற் படகு ஓடுமா ஓடாதா என்பது அன்றைய கடலைப் பொறுத்தது. கடல் கொந்தளித்தால் ஆசிரியர் கரையில் நிற்பார், பிள்ளைகள் வகுப்பில் இருப்பர். இதை ஆசிரியரின் அசிரத்தை என்று எழுதிவிட முடியாது. வவுனியா வடக்கிலோ காட்டு யானை நிற்கும் வீதியால் அதிகாலையில் மோட்டார் சைக்கிளிற் செல்ல வேண்டியிருக்கின்றது.

இவ்வாறு கூறுவதால் ஆசிரியர்கள் சொல்வதெல்லாம் நியாயமென்று நாம் வாதிடுவதாகாது. அரசியல்வாதியின் கடிதத்தைக் காட்டி இடமாற்றத்தை இரத்துச் செய்பவர்களும், திடீரென மருத்துவச் சான்றிதழ் தேடுபவர்களும், ‘தற்காலிக இணைப்பு’ என்ற பெயரில் நகரப் பாடசாலையில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருப்பவர்களும் உள்ளனர். அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலையின் ஆளணிப் பட்டியலில் அவரது பெயர் இருக்கும்; ஆள் இருக்கமாட்டார். பட்டியலில் வெற்றிடம் இல்லையாதலால் அப்பாடசாலைக்குப் புதியவரையும் கேட்க இயலாது. செல்வாக்கற்றவர் ஐந்தாண்டு, எட்டாண்டு என்று அங்கேயே கிடக்க, செல்வாக்குள்ளவர் ஒருநாளும் போகாமலே ஓய்வு பெறுகின்றார். இடமாற்றம் தண்டனையாகப் பார்க்கப்படுவதற்கு முதற்காரணம் தூரமன்று, இந்தப் பாரபட்சமே என்பது எமது கணிப்பு. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிவுற்ற பின்னர் பல ஆண்டுகளாகத் தேர்தல் நடைபெறாதிருந்தமையால், இவற்றைத் தட்டிக்கேட்க மக்கள் பிரதிநிதிகளின் அவை ஒன்றும் இல்லாது போயிற்று.

பயணத்தை நம்பிய ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்பதை 2022ஆம் ஆண்டு காட்டியது. எரிபொருள் தட்டுப்பாட்டால் பாடசாலைகளை மூடவும், வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும் நடத்தவும் நேர்ந்தது. பஸ் கட்டணம் பன்மடங்கு ஏறியது. சம்பளம் அப்படி ஏறவில்லை. அதற்கு முந்திய ஆண்டிலேதான், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தீராதிருந்த சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்களும் அதிபர்களும் ஏறத்தாழ நூறு நாட்கள் தொழிற்சங்க நடவடிக்கையில் ஈடுபட்டனர். கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு என்று வழங்கப்படுவது நாள்தோறும் பயணம் செய்பவரின் பஸ் செலவுக்கே போதாது.

போர்க்காலத்தில் வன்னிப் பாடசாலைகளைத் திறந்து வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் அவ்வவ்வூர்த் தொண்டர் ஆசிரியர்களே. சொற்ப வேதனத்துக்கும், சிலவேளை வேதனமே இன்றியும் அவர்கள் கற்பித்தனர். வீடு அருகில் இருந்தமையால் அவர்கள் ஓடவில்லை. நிரந்தர நியமனத்துக்காக அவர்கள் வீதியில் நின்ற ஆண்டுகளை இங்கு விபரிக்க இடமில்லை. மலையகத்திலே 2014, 2015ஆம் ஆண்டுகளிலிருந்து தோட்டப் பாடசாலைகளுக்கு மூவாயிரத்துக்கும் அதிகமான ஆசிரிய உதவியாளர்கள், ஆரம்பத்தில் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவுடன் சேர்க்கப்பட்டனர். அத்தொகை ஓர் அவமதிப்பு என்றே நாம் கருதுகின்றோம். ஆனால் தோட்டத்துப் பிள்ளையைத் தோட்டத்தை அறிந்தவரே கற்பிக்கட்டும் என்ற எண்ணம் பிழையானதன்று. துணுக்காயிலிருந்தும் மடுவிலிருந்தும் கல்வியியற் கல்லூரிகளுக்குக் கூடுதலான மாணவர்களைச் சேர்த்து, அவர்களுக்குச் சொந்த வலயத்திலேயே நியமனம் வழங்கினால் வெளியூர் ஆசிரியரின் தேவை பத்தாண்டுகளிற் பெருமளவு குறையும். அந்த மாணவர்கள் சேர்வதற்கு இப்போது அங்கே கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆள் வேண்டும் என்பதும் உண்மையே. அதுவரை வெளியூர் ஆசிரியரை நம்பியே இருக்க வேண்டியுள்ளது.

அவர் நிலைத்து நிற்பதற்குப் பெருந்தொகைப் பணம் தேவைப்படாத ஒழுங்குகளும் இருக்கின்றன. கணவன் மனைவி இருவரும் ஆசிரியராயின் ஒரே கோட்டத்துக்கு அனுப்பலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாயின் முறையை இரண்டு ஆண்டுகள் பிற்போட்டு, பின்னர் தவறாமல் அனுப்பலாம். குறித்த காலம் முடிந்ததும் எவர் சிபாரிசுமின்றித் திரும்பி வரலாம் என்பதை இடமாற்றக் கடிதத்திலேயே திகதியிட்டு எழுதிக் கொடுக்கலாம். திரும்பும் நாள் தெரிந்தாற் பிள்ளைகளுக்கும் சமாதானம் சொல்ல முடியும். ‘தற்காலிக இணைப்பு’க்களின் முழுப் பட்டியலை ஒவ்வொரு வலயக் கல்வி அலுவலகமும் பகிரங்கப்படுத்தலாம். புதிதாக வருபவருக்கு முதலாந் தவணையிலாவது தனது பாடத்தை மட்டும் கொடுத்து, பழைய ஆசிரியர் ஒருவரைத் துணைக்கு விடுவது அதிபரின் கையிலேயே உள்ளது. விடுதி அமைப்பதற்கு நிதி வேண்டும்தான். புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் நகரக் கல்லூரிகளின் விளையாட்டரங்குக்கும் நீச்சல் தடாகத்துக்கும் அனுப்புவதில் ஒரு பகுதியைத் தமது பூர்வீகக் கிராமத்துப் பாடசாலையில் இரண்டு அறைகளும் ஒரு கிணறும் அமைக்க அனுப்புவார்களாயின் அதை எவரும் தடுக்கப் போவதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பட்டியல் வெளியாகும் நாளை மாற்றுங்கள். புதிய கல்வியாண்டு தொடங்கச் சில வாரங்களுக்கு முன்னர் கடிதத்தைக் கையிற் கொடுத்துவிட்டு, வாடகை வீடு, பிள்ளைக்குப் பாடசாலை, முதியவருக்கு ஆள் என அனைத்தையும் விடுமுறை நாட்களுக்குள் தேடிக்கொள்ளும்படி விடுவது நியாயமாகாது. மேன்முறையீடுகளையும் விசாரித்து முடித்த இறுதிப் பட்டியல் இரண்டாந் தவணை முடிவதற்குள் ஆசிரியர்களின் கைகளுக்குக் கிடைக்குமாயின், அவர்களுக்கு முழுமையாக ஒரு தவணை அவகாசம் இருக்கும். இதற்குப் புதிய சட்டமோ திறைசேரியின் அனுமதியோ வேண்டியதில்லை.