பிறந்த ஊரைக் கேட்கும் கிரீன் கார்டு!

அமெரிக்காவில் வேலை பார்க்க விசா கேட்டால், "என்ன படித்தாய்? என்ன வேலை தெரியும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

அங்கேயே நிலையாகக் குடியிருக்க "கிரீன் கார்டு" கேட்டால், "எந்த நாட்டில் பிறந்தாய்?" என்று கேட்கிறார்கள். நம் பிள்ளைகள் மாட்டிக் கொள்வது இங்கேதான்!

ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி அமெரிக்க துணைத் தூதரகம் இருக்கிறது. காலையில் அந்தப் பக்கம் பஸ்சில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். பைலும் கையுமாக இளைஞர்கள். வெளியே காத்து நிற்கும் அப்பா, அம்மா. விசா கிடைத்துவிட்டால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார்கள். அடுத்த வாசல் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. பையனை அனுப்ப வீட்டுப் பத்திரத்தை பாங்கில் வைத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

கணக்கு இதுதான்

வேலைத் திறமைக்காக அமெரிக்கா கொடுக்கும் கிரீன் கார்டு வருஷத்துக்கு சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம். மனைவி, பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் இதில் அடக்கம். 1990-ல் போட்ட சட்டம். எந்த ஒரு நாட்டுக்கும் 100-க்கு 7-க்கு மேல் கிடையாது என்கிறது அந்தச் சட்டம். அதாவது ஏறத்தாழ 9,800.

ஐஸ்லாந்து என்று ஒரு தேசம். ஜனத்தொகை 4 லட்சம் கூட இல்லை. சென்னையில் ஒரு மூலையில் குடிவைத்து விடலாம். அந்த நாட்டுக்கும் 7. நம் 140 கோடிக்கும் அதே 7!

மேல்படிப்பு படித்தவர்களுக்கான இரண்டாம் பிரிவை மட்டும் எடுத்தால், இந்தியாவின் பங்கு வருஷத்துக்கு சுமார் 2,800-தான். மற்ற நாட்டார் எடுக்காமல் மிஞ்சினால் கொஞ்சம் கூடுதலாக வரும்.

ஆனால் முதல் வாசலில் இந்தக் கணக்கு கிடையாது. எச்-1பி என்கிற வேலை விசா வருஷத்துக்கு 85 ஆயிரம். அதில் இந்தியாவுக்கு இவ்வளவு, சீனாவுக்கு இவ்வளவு என்ற வரம்பு இல்லை. சமீப ஆண்டுகளில் அனுமதி கிடைத்த எச்-1பி மனுக்களில் 100-க்கு 70-க்கு மேல் இந்தியாவில் பிறந்தவர்களுடையவை.

பஸ்சில் எல்லோரையும் ஏற்றிக் கொண்டு, டிக்கெட்டும் கிழித்துவிட்டு, உட்கார இடம் கேட்டால் "நீ எந்த ஊர்?" என்பது போல இருக்கிறது.

ராமேசுவரமும் தலைமன்னாரும்

2025 அக்டோபரில் அந்த இரண்டாம் பிரிவில் யாருக்கு கார்டு கொடுத்தார்கள் தெரியுமா? பெரும்பாலான நாடுகளில் பிறந்தவர் என்றால், 2023 டிசம்பர் 1-க்கு முன் மனுப்போட்டவர்களுக்கு. இந்தியாவில் பிறந்தவர் என்றால், 2013 ஏப்ரல் 1-க்கு முன் மனுப்போட்டவர்களுக்கு. பத்து வருஷத்துக்கும் மேல் வித்தியாசம்!

ராமேசுவரத்தில் ஒருவர் பிறந்தார், தலைமன்னாரில் ஒருவர் பிறந்தார் என்று வைத்துக் கொள்ளுங்கள். இருவரும் தமிழர். ஒரே படிப்பு, ஒரே கம்பெனி, ஒரே சம்பளம். தலைமன்னார்க்காரர் பொது வரிசையில் நிற்பார். ராமேசுவரத்துக்காரர் இந்திய வரிசையில் நிற்பார். நடுவில் இருப்பது கொஞ்சம் கடல்.

பாஸ்போர்ட்டை மாற்றினாலும் தப்ப முடியாது. கனடா குடிமகன் ஆனாலும், பிறந்தது மதுரை என்றால் மதுரைதான். ஆனால் மனைவி சிங்கப்பூரில் பிறந்தவர் என்றால், மனைவி பிறந்த நாட்டுக் கணக்கில் கணவன் போய்விடலாம். சட்டமே இடம் கொடுக்கிறது. இனி வரன் பார்க்கும்போது ஜாதகத்தோடு பர்த் சர்ட்டிபிகேட்டையும் கேட்பார்கள் போலிருக்கிறது!

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இந்த 7 கணக்கு இந்தியர்களை ஒதுக்கப் போட்டது அல்ல. 1924-ல் போட்ட சட்டம் ஆசியாக்காரர்களுக்குக் கதவையே சாத்தியது. 1946-ல் இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர் என்றார்கள். 1965-ல் ஜான்சன் ஜனாதிபதியாக இருந்தபோது அதை ஒழித்து, எல்லா நாடும் சமம் என்று கொண்டு வந்தார்கள். நல்ல எண்ணம்தான். நாட்டுக்கு நாடு சமம் என்று பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் சமமா என்று பார்க்கவில்லை.

21 வயது

வரிசையில் நிற்பவர் ஆறு வருஷத்துக்கு மேலும் விசாவை நீட்டிக்க வழி இருக்கிறது. சம்பளமும் வருகிறது. அப்புறம் என்ன கஷ்டம் என்று கேட்கலாம்.

வேலை போனால் 60 நாள்தான் கெடு. அதற்குள் வேறு கம்பெனி பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். கம்பெனி மாறினால் கிரீன் கார்டு வேலையை மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். பழைய தேதி மட்டும் கூட வரும்.

இதைவிடக் கொடுமை பிள்ளைகள் விஷயம். இரண்டு வயதில் அப்பா, அம்மாவோடு போன குழந்தை அங்கேயே வளர்கிறது, அங்கேயே படிக்கிறது. 21 வயது ஆனதும் அது "குழந்தை" இல்லை. அப்பாவின் வரிசையில் இருந்து பெயரை எடுத்துவிடுகிறார்கள். தனியாக மாணவர் விசா வாங்கு, இல்லை ஊருக்குப் போ! மனு ஆபீசில் கிடந்த நாட்களை வயதில் கழிக்க 2002-ல் ஒரு சட்டம் வந்தது. வரிசையில் நின்ற வருஷங்களை அது கழிப்பதில்லை. அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்ன?

மாற்றப் பார்த்தார்கள். 2019 ஜூலையில் வேலை கார்டுக்கு நாட்டு வரம்பே வேண்டாம் என்ற மசோதா, பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று ஜெயித்தது. 2020 டிசம்பரில் செனட் சபை வேறு மாதிரி ஒன்றை நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்க முடியவில்லை. கிடப்பில் போய்விட்டது.

வரம்பை எடுத்தால் பல வருஷத்துக்கு இந்தியர்களே எல்லா கார்டையும் எடுத்துக் கொள்வார்கள், பிலிப்பைன்ஸ் நர்சு எங்கே போவாள் என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கார்டு எண்ணிக்கையைக் கூட்டாமல் வரம்பை மட்டும் எடுத்தால் ஒருவர் கண்ணீர் இன்னொருவருக்குப் போகும், அவ்வளவுதான். பிள்ளைகளின் வயதை, மனுப்போட்ட நாளோடு நிறுத்தி வைக்கலாமே? அதற்கு எந்த நாட்டாரும் எதையும் இழக்க வேண்டியதில்லை.

கனடாவும் ஆஸ்திரேலியாவும் வயது, படிப்பு, மொழி, அனுபவம் இவற்றுக்கு மார்க் போட்டு ஆள் எடுக்கின்றன. பிறந்த நாட்டுக்கு இத்தனைதான் என்று அங்கே வரம்பு இல்லை.

அமெரிக்காவிலோ முதல் வாசலும் இப்போது குறுகிவிட்டது. வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுக்கும் எச்-1பி மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் டிரம்ப் உத்தரவு போட்டார். அன்றைய கணக்கில் ஏறத்தாழ 88 லட்சம் ரூபாய்!

பையனுக்கு அங்கிருந்து வேலை உத்தரவு வந்தால், சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். கிரீன் கார்டுக்கு கம்பெனி எந்த வருஷம் மனுப்போடும் என்று எழுத்தில் கேளுங்கள். வரிசையில் உங்கள் டோக்கன் தேதி அதுதான். "அதெல்லாம் அஞ்சு வருஷத்துல ஆயிடும் சார்" என்று ஏஜெண்ட் சொன்னால், அமெரிக்க வெளியுறவு இலாகா மாதாமாதம் வெளியிடும் தேதிப் பட்டியலை அவர் முன்னால் வையுங்கள். அதற்குக் காசு கிடையாது. அதில் இந்தியா என்ற கட்டத்தை அவரையே படிக்கச் சொல்லுங்கள்.