இடிக்கும் முன் வரைக

ஜெர்மனியின் ஹில்டெஸ்ஹைம் நகரில் 1529இல் இறைச்சி வணிகர் சங்கம் எழுப்பிய மரச்சட்ட மாளிகை 1945ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் எரிந்தழிந்தது. பழைய படங்களையும் வரைபடங்களையும் கொண்டு, 1987 முதல் 1989 வரை அது மீண்டும் எழுப்பப்பட்டது.

திருமலைக் கோயிலின் முன் நின்ற, 15ஆம் நூற்றாண்டுச் சாளுவர் காலத்து ஆயிரங்கால் மண்டபமோ போரில் அழியவில்லை. 2003இல் தேவஸ்தான நிர்வாகமே அதை இடித்தது. எரிந்த மரமாளிகை மீண்டது. எரியாத கல்மண்டபம் மீளவில்லை. இவ்வேறுபாடு கட்டடப்பொருளால் நேர்ந்ததன்று; மாந்தர் எடுத்த முடிவால் நேர்ந்தது.

சாந்திபுரம் முதல் திருப்பதி வரையுள்ள பழைய மண்டபங்களில், அளவு வரைபடமும் நிழற்படமும் கல்வெட்டுப் படியும் ஆயத்தமாகாமல் ஒரு கல்லும் பெயர்க்கப்படலாகாது. அப்பணியைப் பல்கலைக்கழகத் துறைகள் ஏற்க வேண்டும். சான்றின்றி இடிக்கப்பட்டதை எதிர்காலத் தலைமுறை விரும்பினாலும் மீட்டெழுப்ப இயலாது.